பதினாலு படி

“தவக்காலம் ஆரம்பிச்சு நாலு வெள்ளி ஆச்சு ஃபாதர். எங்க மாடி வீட்டுக்காரி சிலுவைப்பாதைக்கு எட்டிக்கூடப் பாக்கலை. மாதா சபையில இருந்து அவ பேரை அடிச்சிடலாமா?”

கேட்டவள் சபைத் தலைவி. தலைவி என்றால் சும்மாவா? சிலுவைப்பாதையில் இயேசு சிலுவை சுமந்து போன வழியை நினைத்து ஜெபிக்கிற பதினாலு நிலைகளில் ஐந்தாம் நிலையை வாரா வாரம் வாசிப்பது அவள்தான். சிலுவை தாங்காமல் தடுமாறும் இயேசுவுக்கு, வழியில் வந்த சீமோன் தோள்கொடுக்கிற இடம். அதை அவள் குரல் தழுதழுக்க வாசித்தால், கடைசி பெஞ்சு வரைக்கும் மூக்கு உறிஞ்சுகிற சத்தம் கேட்கும்.

பங்குச் சாமியார் மூக்குக்கண்ணாடியைத் துடைத்துக்கொண்டே, “அடிக்கறது இருக்கட்டும். ஏன் வரலைன்னு கேட்டீங்களா?” என்றார்.

கேட்கவில்லை. கேட்க என்ன இருக்கிறது? அந்தப் பெண்ணுக்கு ஒரே மகள். பத்து வயது, கால் இரண்டும் வராது. வெள்ளிக்கிழமை சாயங்காலம் கால் பயிற்சிக்குத் தூக்கிக்கொண்டு போய்வருகிறாள். பாவம்தான், இல்லையென்று யார் சொன்னது? ஆனால் வந்தவள் நேரே மாடிக்குப் போகிறாளா? நாலு படி ஏறுவதற்குள் உட்காருவாள். எழுந்து கொஞ்சம் ஏறுவாள், மறுபடி உட்காருவாள். அம்மாவும் பெண்ணும் குசுகுசுவென்று ஒரே பேச்சு. அரட்டைக்கு நேரமிருக்கிறது, ஆண்டவருக்கு மட்டும் இல்லையாக்கும்!

மாடிப்படி தலைவி வீட்டு ஜன்னலை ஒட்டித்தான் ஏறுகிறது. கோயிலுக்குக் கிளம்புகிற அவசரத்தில் எங்கே பேச்சுக் கொடுத்துவிடுவார்களோ என்று, அவர்கள் ஜன்னலுக்கு நேரே வந்ததுமே திரையை இழுத்துவிடுவாள்.

இந்த வெள்ளிக்கிழமை இழுக்கவில்லை. புடவையைக் கட்டி, ஜெபப் புத்தகத்தையும் கையில் எடுத்துக்கொண்டு, ஜன்னலருகே தயாராக நின்றாள். மூச்சிரைக்கிற சத்தம் முதலில் வந்தது. பின்னாலேயே முதுகில் மகளைச் சுமந்துகொண்டு அவள் வந்தாள்.

“நில்லும்மா. ஒண்ணு கேக்கணும்.”

“சொல்லுங்கக்கா.”

“வாரத்துல ஒரு அரை மணி நேரம் சாமிக்கு ஒதுக்க முடியலையா உன்னால? இப்படியே போனா சபையில உன் பேர் இருக்காது, சொல்லிட்டேன்.”

அவள் முகம் சுருங்கிப்போனது.

“பேரை மட்டும் அடிச்சிடாதீங்கக்கா. மாசத்துக்கு ஒரு தடவை சபைக்கு வந்து நாலு பேரைப் பாக்கறதுதான் எனக்கு இருக்கற ஒரே ஆறுதல். இவளை மேல கொண்டு சேர்க்கறதுக்குள்ள இடுப்பு விட்டுப்போகுது. திரும்ப இறக்கினா திரும்ப ஏத்தணும். இவ வளர்ந்துட்டே போறா, நான் அப்படியேதானே இருக்கேன்? ஆனா சிலுவைப்பாதையை நாங்க ஒரு வாரம்கூட விட்டதில்லக்கா. இங்கேயே முடிச்சிடறோம்.”

“இங்கேன்னா எங்கே?”

“படியிலதான்.”

முதுகிலிருந்த வாண்டு முந்திக்கொண்டது.

“பதினாலு படி இருக்குல்ல பெரியம்மா! படிக்கு ஒரு நிலை. மூணு, ஏழு, ஒன்பது, அங்கல்லாம் இயேசு கீழ விழுவார். அதனால அம்மா உக்காந்துக்கலாம். நாலாவதுல மாதா வருவாங்க, அம்மாவுக்கு ஒரு முத்தம். ஆறாவதுல இயேசு முகத்தைத் துடைக்கற வெரோணிக்கா நான்தான், அம்மா மூஞ்சியைத் துடைச்சு விடுவேன். பன்னிரண்டுல இயேசு செத்துப்போவார், கப்சிப், ரெண்டு பேரும் பேசவே மாட்டோம். பதினாலுல வீடு. தொப்புன்னு கட்டில்!”

தலைவிக்குச் சிரிப்பு வந்துவிட்டது. கோபமாக வந்தவள் சிரித்தால் நன்றாகவா இருக்கும்? அடக்கிக்கொண்டாள். ஆனாலும் தன்னுடைய இடத்தைப் பற்றிக் கேட்காமல் இருக்க முடியவில்லை.

“எல்லாம் சொன்னே, அஞ்சை விட்டுட்டியே?”

“அது இந்தப் படிதான் பெரியம்மா. சீமோன் வர்ற இடம். இங்க அம்மா கொஞ்ச நேரம் நிப்பாங்க. நீங்க திரையை மூடினதும் நாங்க ஆறாவதுக்குப் போயிடுவோம்.”

“சும்மா இருடி!” அம்மா பதறிப்போனாள். “அக்கா, சின்னப் பொண்ணு, ஏதோ உளறுறா. மனசுல வச்சுக்காதீங்க.”

தலைவிக்குச் சுருக்கென்றது. ஜெபப் புத்தகத்தை ஜன்னல் விளிம்பிலேயே போட்டுவிட்டு, செருப்பைக்கூட மாட்டாமல் கதவைத் திறந்துகொண்டு படியேறி வந்தாள்.

“ஒரு பக்கம் என்கிட்ட குடு.”

“கோயிலுக்கு நேரமாச்சேக்கா?”

“குடுன்னா குடு.”

தூரத்தில் மணி அடித்தது. அன்றைக்கு ஐந்தாம் நிலையைக் கோயிலில் வேறு யாரோ வாசித்தார்கள்.