கடைசி லெவலுக்கு ஐந்து ஸ்டார்

“நீங்க கம்ப்யூட்டர்ல கேம் எல்லாம் விளையாடுவீங்களா?” என்று கேட்டேன்.

மொட்டைமாடியில் நானும் தரணீதரனும் மட்டும் நின்றிருந்தோம். என்னைப் பெண் பார்க்க வந்தவர்கள் கீழே காபி குடித்துக்கொண்டிருந்தார்கள். ‘சின்னஞ்சிறுசுக, பேசிட்டு வரட்டுங்க’ என்று யாரோ பெரிய மனசு பண்ணி எங்களை மேலே அனுப்பியிருந்தார்கள்.

பக்கத்துக் கட்டடத்தில் பனியன் துணி பின்னும் நிட்டிங் மெஷின் ஓடிக்கொண்டிருந்தது. நல்லூரில் ஞாயிற்றுக்கிழமையை அதற்கு யாரும் சொல்லிவைக்கவில்லை.

அவருக்கு இது சாதாரணக் கேள்வி. எனக்கு இந்தக் கல்யாணமே இதில்தான் இருந்தது. ஆமாம் என்று அவர் சொன்னால் போதும், படி இறங்கிப் போய் சம்மதம் சொல்லிவிடுவேன்.

ஆமாம் என்பதுதான் சரியான பதில் என்று எனக்கு முன்பே தெரியும்.

பழைய காலத்து விண்வெளிச் சண்டை விளையாட்டு ஒன்று இருக்கிறது. துணி வெட்டப் பேட்டர்ன் போடும் வேலைக்கென்று அப்பா வாங்கித் தந்த லேப்டாப்பில் நான் அதைத்தான் விளையாடுகிறேன். விளையாடுவதைவிட, அதை விற்கிற இணையப் பக்கத்தின் கீழே ஊர் உலகமே கூடி எழுதியிருக்கும் கருத்துகளைப் படிப்பது இன்னும் சுகம்.

எதிரிக் கப்பல் தகர டப்பா மாதிரி இருக்கிறது என்பான் ஒருவன். அந்த டப்பாவை ஒரு தடவை சுட்டு வீழ்த்திவிட்டு வந்து பேசு என்பான் இன்னொருவன். பழைய ஆட்கள், இந்தக் காலத்துப் பையன்களுக்குக் குறி பார்க்கத் தெரியாது என்பார்கள். பையன்கள், பெரிசுகளுக்குக் கண்ணே தெரியாது என்பார்கள்.

கடைசி லெவலைத் திட்டும்போது மட்டும் எல்லாரும் ஒன்று சேர்ந்துகொள்வார்கள்.

அந்த லெவலில் சுடுவதற்கு அதிகம் கிடையாது. அடிபட்டவர்களை ஏற்றிக்கொண்டு ஓர் ஆஸ்பத்திரிக் கப்பல் போகும். ஆள் நிறைந்த கம்பெனி வேன் மேடு ஏறுகிற மாதிரி போகும். நாம் அதை விட்டு விலகாமல் கூடவே போக வேண்டும், அவ்வளவுதான். தூங்கிவிட்டேன், காசைத் திருப்பிக் கொடு என்று அதற்கு ஒரே வசவு.

அந்த வசவுக்கு நடுவில் ஒருவர் மட்டும் தமிழில் எழுதி ஐந்து ஸ்டார் போட்டிருந்தார்.

‘சுடறது யாருக்கு வேணும்னாலும் வரும். நம்ம வேகத்தைக் குறைச்சுக்கிட்டு, அடிபட்டவன் கூடவே வர்றதுதான் கஷ்டம். பாதியில விட்டுட்டு ஓடுனவங்கெல்லாம் இங்க வந்து செம போர்னு எழுதறாங்க.’

யார் எழுதியது என்று தெரியாமலேயே அதை மனப்பாடம் ஆகும்வரை படித்திருக்கிறேன். ஏதோ ஒரு பட்டப்பெயருக்குப் பக்கத்தில் ஒரு போட்டோ. ஊட்டித் தோட்டத்தில், பூச்செடிக்கு முன்னால் கூலிங் கிளாஸ் போட்டுக்கொண்டு நிற்கிற ஆள்.

போன மாதம் தரகர் பழனிமுத்து வாட்ஸப்பில் மாப்பிள்ளை போட்டோ அனுப்பினார். வேலம்பாளையத்துப் பையன், எக்ஸ்போர்ட் கம்பெனியில் ஆர்டர் பார்க்கிற மெர்ச்சண்டைசர் என்றார். பார்த்தால் அதே ஊட்டி, அதே பூச்செடி, அதே கூலிங் கிளாஸ். வெட்கத்தை விட்டுச் சொல்கிறேன், அன்றைக்கு எனக்குச் சோறு இறங்கவில்லை.

இப்போது அந்த ஆள் எதிரே நிற்கிறார். கூலிங் கிளாஸ் இல்லாமல் இன்னும் நன்றாகவே இருக்கிறார்.

“இல்லீங்க” என்றார் தரணீதரன். “நான் கேம் விளையாடறதில்லீங்க.”

“பழைய கேம்கூட இல்லீங்களா?”

“இல்லீங்க.”

பச்சைப் பொய். அதையும் என் முகத்தைப் பார்த்துச் சொல்லவில்லை, தண்ணீர்த் தொட்டியைப் பார்த்துச் சொன்னார்.

“நீங்க விளையாடுவீங்களா?” என்று மெதுவாகக் கேட்டார்.

அவரே இல்லை என்ற பிறகு நான் மட்டும் எதற்கு மாட்டிக்கொள்ள வேண்டும்?

“ஐயே, எனக்கு அதெல்லாம் என்னன்னே தெரியாதுங்க.”

“அப்படிங்களா” என்றார். முகத்தில் ஏதோ வந்து போனது. தப்பித்த நிம்மதி என்று நினைத்துக்கொண்டேன்.

பிறகு வெயிலைப் பற்றிப் பேசினோம். நிழல் இருந்த பக்கத்தை எனக்கு விட்டுவிட்டு அவர் வெயிலில் நின்றார். புளுகினாலும் மரியாதைக்கு ஒன்றும் குறைச்சலில்லை என்று மனசுக்குள் கறுவினேன்.

அவர்கள் கார் தெருமுனை திரும்பியதும் அப்பா என் முகத்தைப் பார்த்தார்.

“வேண்டாங்கப்பா. அவரு பொய் பேசறாரு.”

அப்பா மறுகேள்வி கேட்கிறவர் இல்லை. போனை எடுத்துக்கொண்டு வாசலுக்குப் போய்விட்டார்.

அம்மாதான் பிலுபிலுவென்று பிடித்துக்கொண்டாள். தங்கமான பையன் அப்படி என்ன பொய்யைச் சொல்லிவிட்டான் என்று கேட்டாள். கேம் விளையாடுகிறவர் விளையாடுவதில்லை என்று சாதித்தார் என்றேன்.

கழுவ எடுத்த டம்ளர்களை அம்மா அப்படியே கீழே வைத்தாள்.

“அடிப்பாவி சுபா! அதை அந்தப் பையன் மொதல்லயே தரகர்கிட்டச் சொல்லிட்டாப்ல. நாந்தான் கேம் ஆடற மாப்ள ஆகாதுன்னு கறாராச் சொல்லியுட்டேன். நீயே லேப்டாப்புல ராக்கெட் உட்டுக்கிட்டு உக்காந்திருக்கற, வர்றவனும் அதையே பண்ணுனா ஊட்ல ஒலை வெக்கறது ஆரு? உம்பட போட்டோவப் பாத்த அன்னைக்கே அந்த கேமையே அழிச்சுப்போட்டு, இனித் தொடறதே இல்லைன்னுட்டாப்லயாம். அன்னைக்கு இருந்து தொடவும் இல்லியாம்!”

வாசலுக்கு ஓடினேன்.

அப்பா போனைக் காதில் வைத்துக்கொண்டு, தரகரிடம் பெருமையாகச் சொல்லிக்கொண்டிருந்தார்.

“பையனக் குத்தஞ் சொல்லலீங்க. எங்க புள்ளைக்குச் சின்னதுல இருந்தே பொய்யின்னா ஆகாதுங்க.”