வேலி தாண்டிய பை

“டெஸ் அங்கிள், இந்தப் பையை நீங்களே வச்சுக்குங்க. வேண்டாம்னு மட்டும் சொல்லிடாதீங்க” என்று வேலிக்கு மேலாக நீட்டினான் ராவிரி.

பை நிறைய ஃபிஜோவாப் பழம். ஏப்ரல் வந்துவிட்டால் நியூசிலாந்தின் கிஸ்போர்னில் இது ஒரு தொல்லை. கொல்லைக்குக் கொல்லை பச்சைப் பச்சையாகப் பழம் கொட்டும், தின்று தீராது. ஆள் இல்லாத நேரம் பார்த்து அடுத்த வீட்டு வாசலில் ஒரு பையை வைத்துவிட்டு நழுவிவிடுவார்கள். யார் வைத்தது என்று யாரும் கேட்பதில்லை. வந்த பையைப் பிரித்துக்கூடப் பார்க்காமல் அடுத்தவர் தலையில் கட்டிவிடுவதுதான் ஊர் வழக்கம். அந்த வெள்ளிக்கிழமை ராவிரியின் வாசலுக்கு வந்தது அந்த வாரத்தின் மூன்றாவது பை.

“நான் தனிக்கட்டை. எனக்கு எதுக்குடா இவ்வளவு?” என்றார் டெஸ்மண்ட். செம்மறியாட்டு ரோமம் கத்தரித்தே காலத்தை ஓட்டியவர். அறுபதைத் தாண்டியும் கல்யாணம் ஆகவில்லை.

“சமைச்சுப் போட ஒரு ஆளைப் பாருங்களேன்.”

“கேட்டாச்சு. யோசிச்சுச் சொல்றேன்னா. ஏழு வருஷமா யோசிக்கிறா” என்று சிரித்தபடி பையை வாங்கிக்கொண்டார்.

ராவிரிக்குச் சிரிப்பு வரவில்லை. அவனும் ஒருத்தியிடம் கேட்டுவிட்டுத்தான் காத்திருந்தான். முந்தைய நாள், தன் தோட்டத்தில் தோண்டிய கூமரா என்கிற சர்க்கரைவள்ளிக் கிழங்கை ஒரு மூட்டை கட்டி ஹூயாவின் வீட்டில் இறக்கியிருந்தான். மூட்டையின் வாயில் ஒரு துணிமுடிச்சு. அதற்குள் மோதிரமும், ‘என்னைக் கட்டிக்கிறாயா?’ என்று ஒரு சீட்டும். நேரில் கேட்கத் துப்பில்லாமல் கிழங்கைத் தூது விட்டிருந்தான், பாவம்.

வெள்ளி போயிற்று, சனியும் போயிற்று. ஒரு பதிலும் இல்லை. போன் பண்ணவும் பயம்.

ஞாயிறு மதியம் ஹூயாவின் வீட்டில் அறுவடைச் சாப்பாடு. அண்ணன்மார் இரண்டு பேரும் பிள்ளைகுட்டிகளோடு வந்திறங்கியதில் வீடு கொள்ளவில்லை. காலையிலேயே கொல்லையில் குழி வெட்டி, கல்லைப் பழுக்கக் காய்ச்சி, அதன்மேல் ஆட்டுக்கறி, கோழி, பூசணி, கூமரா எல்லாவற்றையும் கூடையோடு இறக்கி, ஈரச் சாக்கு போர்த்தி மண்ணைத் தள்ளி மூடியிருந்தார்கள். வருஷா வருஷம் அந்தக் குழியைத் திறப்பது ராவிரியின் வேலை. தோட்டத்துச் சட்டையும் தோளில் மண்வெட்டியுமாக வந்து சேர்ந்தான்.

சமையலறையில் ஹூயா ஃபிஜோவாப் பழத்தின்மேல் வெண்ணெய் மாவை உதிர்த்துக்கொண்டிருந்தாள். ராவிரி முதலில் பார்த்தது அவள் விரலைத்தான். விரலெல்லாம் மாவு, மோதிரம் இல்லை. அவளோ அவனை ஏற இறங்கப் பார்த்தாள்.

“இந்தச் சட்டையிலயா வந்தே?”

“மண்ணு அள்ளத்தானே ஹூயா...”

“நான் சொல்ல வேண்டியதைச் சொல்லியாச்சு. நீ வந்து நிக்கிற லட்சணம் இது” என்று முகத்தைத் திருப்பிக்கொண்டாள்.

என்ன சொன்னாள், எப்போது சொன்னாள்? அவனுக்கு ஒன்றும் விளங்கவில்லை. அதைவிடப் பெரிய பயம் ஒன்று அப்போதுதான் உறைத்தது. முடிச்சைக் கவனிக்காமல் மூட்டையை அப்படியே குழிக்குள் கொட்டியிருந்தால்?

ஹூயாவின் அம்மா ரிப்பேகா கரண்டியும் கையுமாக எல்லாரையும் விரட்டிக்கொண்டிருந்தாள். புருஷன் போன பின் மூன்று பிள்ளைகளைத் தனியாளாக வளர்த்தவள். அந்தக் கரண்டிக்குப் பேரன் பேத்திகள் வரைக்கும் பயம். பூசணி குழைந்துவிடும், போய்த் திற என்று அவனையும் துரத்தினாள்.

மண்ணை விலக்கிச் சாக்கைத் தூக்கியதும் குப்பென்று ஆவி கிளம்பியது. கறியும் கிழங்கும் மண்ணும் கலந்த அந்த வாசனைக்குக் குழந்தைகள் துள்ளிக் குதித்தார்கள். கூடை மேசைக்கு வந்ததுதான் தாமதம், ராவிரி வெறுங்கையால் கிழங்கு கிழங்காகப் புரட்டித் தேட ஆரம்பித்தான். பசித்தால் சொல்லித் தொலையேன், இப்படியா கிளறுவாய் என்று பெரிய அண்ணன் கேட்க, மேசையே சிரித்தது. விரல் கொப்பளித்ததுதான் மிச்சம்.

“யாரும் கடிச்சுடாதீங்க. இதுக்குள்ள எங்கயோ மோதிரம் இருக்கு” என்றான் கடைசியில். சிரிப்பு சட்டென்று நின்றது.

ஹூயா ஏப்ரன் பையிலிருந்து மோதிரத்தை எடுத்தாள். “இதையா தேடறே? வியாழக்கிழமையே எடுத்துட்டேன்.”

“அப்ப பதில்?”

“நீ கிழங்குல கேட்டே, நான் பழத்துல சொன்னேன். வெள்ளிக்கிழமை உன் வாசல்ல ஒரு பை வச்சேனே, அதுக்குள்ள எழுதி வச்சேன். கையில கிடைச்ச உறையோட பின்பக்கம். பார்க்கலியா?”

ராவிரி தலையில் கை வைத்துக்கொண்டான். அந்தச் சமயம் பார்த்துத்தான் வாசல் கேட் கிறீச்சிட்டது.

டெஸ்மண்ட். கோட்டு, டை, படிய வாரிய தலை, ஒரு கையில் பூங்கொத்து. யாரையும் பார்க்காமல் நேராக ரிப்பேகாவிடம் போய் நின்று, அவள் பெயர் அச்சடித்த கரண்ட் பில் உறையைத் திருப்பி உரக்கப் படித்தார்.

“‘சம்மதம். ஞாயிறு மதியம் நல்ல சட்டையா போட்டுக்கிட்டு சாப்பிட வா. எல்லார் முன்னாலயும் சொல்லிடலாம்.’ ஏழு வருஷம் காத்திருந்தது வீண் போகலை ரிப்பேகா.”

ஹூயா வாயைத் திறப்பதற்குள் அவள் காலை நறுக்கென்று மிதித்த ரிப்பேகா, “ஆமா, நான்தான் எழுதினேன். உக்காருங்க டெஸ், பூசணி ஆறிடும்” என்றாள்.