ஒத்துவராத ஜோடி

முதல் மீட்டலிலேயே தெரிந்துவிட்டது, கடைக்காரர் என் தலையில் நன்றாக மிளகாய் அரைத்துவிட்டார்.

மாண்டலினுக்கு எட்டுக் கம்பி. இரண்டிரண்டாக நான்கு ஜோடி. ஒரு ஜோடியில் இருக்கும் இரண்டும் ஒரே குரலில் பேச வேண்டும். மூன்று ஜோடிகள் அப்படித்தான் பேசின. கடைசியில் இருக்கும் மெல்லிய ஜோடி மட்டும் சம்பந்திச் சண்டை போட்டது.

கம்பியை முறுக்கும் பிருடையைத் திருகினேன். ஏற்றினேன், இறக்கினேன், மறுபடி ஏற்றினேன். சனியன், ஒட்டவே இல்லை.

பழைய வாத்தியம்தான். பிடிக்கவில்லை என்றால் இன்று சாயங்காலம் ஆறு மணிக்குள் திருப்பிக் கொடுத்துவிடலாம் என்று பேச்சு. அப்போதே மணி நாலேகால்.

திருப்பிக் கொடுக்க எனக்கு மனசே இல்லை. கழுத்து கைக்கு அவ்வளவு அடக்கம். எனக்கென்றே அளவெடுத்துச் செய்த மாதிரி மடியில் உட்கார்ந்திருந்தது. அதனால்தான் இவ்வளவு ஆத்திரம்.

செல்போனில் சுருதி பார்க்கிற ஆப்பைத் திறந்தேன். இரண்டு கம்பிக்கும் பச்சை விளக்கு காட்டியது. போடா, என் காதைவிடவா உனக்குத் தெரியும்?

மனைவி வந்து எட்டிப் பார்த்தாள். மீட்டிக் காட்டினேன்.

"எனக்கு ஒண்ணாத்தாங்க கேக்குது. ஆடத் தெரியாதவ கூடம் கோணல்னாளாம், அந்தக் கதையால்ல இருக்கு!"

உனக்குக் குக்கர் விசிலே சங்கீதம்தான் என்றேன். முகத்தைத் தோளில் இடித்துக்கொண்டு போய்விட்டாள்.

கடைக்காரருக்குப் போன் போட்டுக் கத்தினேன். பாவம், அவர் பொறுமையாகத்தான் பேசினார். கம்பி நேற்று மாற்றியதாம். கம்பிகளைத் தாங்கும் குதிரை நகர்ந்திருக்கிறதா என்று பார்க்கச் சொன்னார். மயிரிழை நகர்த்தினேன். அந்தப் பக்கம், இந்தப் பக்கம். எழுந்து ஜன்னலைச் சாத்தினேன், மின்விசிறியை அணைத்தேன், நாற்காலியை மாற்றினேன். உட்கார்ந்த இடத்தில் உட்கார முடியவில்லை.

சரி, இரண்டில் எது திருடன் என்று பார்த்துவிடுவோம். ஒரு கம்பியைத் தளர்த்தி, கொக்கியிலிருந்து கழற்றி, மேஜைமேல் சுருட்டி வைத்தேன். இப்போது அந்த இடத்தில் ஒற்றைக் கம்பி.

மீட்டினேன்.

இரண்டு சத்தம்.

மற்றக் கம்பிகளும் கூடச் சேர்ந்து ஒலிக்கின்றனவோ என்று அவற்றின்மேல் உள்ளங்கையை அழுத்திக்கொண்டு மறுபடி மீட்டினேன்.

இரண்டு.

ஒரே கம்பி தன்னோடு தானே எப்படிச் சண்டை போடும்?

இடது காதைப் பொத்திக்கொண்டு மீட்டினேன். ஒரே சத்தம், சுத்தமாக.

வலது காதைப் பொத்திக்கொண்டு மீட்டினேன். இப்போதும் ஒரே சத்தம்தான், ஆனால் வேறு சத்தம். அரை ஸ்வரம் இறங்கி, போர்வைக்குள்ளிருந்து வருவது போல.

அது என்னவென்று யாரும் எனக்குச் சொல்ல வேண்டியதில்லை. ஆஸ்பத்திரியில் காது பரிசோதிக்கும் அறையில் பத்தொன்பது வருஷமாக மெஷின் முன்னால் உட்கார்ந்திருக்கிறவன் நான்தான். காது கெட ஆரம்பித்தால் பெரும்பாலும் மேல் ஸ்தாயிதான் முதலில் கெடும். வருகிறவர்களுக்கு ஹெட்போனை மாட்டிவிடுவேன். சத்தம் கேட்டால் பேச வேண்டாம், கையைத் தூக்கினால் போதும் என்பேன்.

எத்தனை நாளாக இப்படி என்று கேட்டால் பாதிப்பேர் தெரியவில்லை என்பார்கள். உங்கள் காது, உங்களுக்கே தெரியாதா என்று எரிந்து விழுவேன்.

போன மாதம் ஒரு நாள் காலையில், மெஷின் சரியாக வேலை செய்கிறதா என்று ஹெட்போனை என் தலையில் மாட்டிப் பார்த்தேன். இடது பக்கம் சத்தம் கம்மியாக இருந்தது. ரிப்பேருக்கு அனுப்பினேன். பழுது ஏதும் இல்லை என்று எழுதித் திருப்பி அனுப்பினார்கள். அந்த ரிப்பேர்காரரையும் விட்டுவைக்கவில்லை, வாய்க்கு வந்தபடி திட்டினேன்.

அப்படியானால் ஒரு மாதம். குறைந்தது ஒரு மாதம். நாள் தள்ளாமல் வந்திருக்கலாமே என்று எத்தனை பேரிடம் சொல்லியிருக்கிறேன். வலது காதைப் பொத்திய கையை எடுக்கத் தோன்றவில்லை.

"ஏங்க, மணி அஞ்சரை ஆச்சு, கடைக்குக் கிளம்பலையா? கூப்பிடறது கேக்குதா இல்லையா?"

பக்கத்து வீட்டிலிருந்து யாரோ பேசுவது போலிருந்தது. திரும்பிப் பார்த்தேன். மனைவி இரண்டடி தள்ளித்தான் நின்றிருந்தாள்.

மற்றக் கையைத் தூக்கினேன்.