எல்லைச் சண்டை

"இதுக்கு மேல ஒரு அடி எடுத்து வைக்க மாட்டேன். நான் ஊருக்குத் திரும்பிப் போறேன்!"

எல்லைச் சாவடிக்குச் செல்லும் சாலையின் நடுவே முதுகுப்பையைப் போட்டு, அதன்மேல் உட்கார்ந்துவிட்டாள் மனைவி.

சுற்றிலும் ஏழெட்டுப் புரோக்கர்கள் நின்றார்கள். "சார், விசா நான் வாங்கித் தரேன்", "அக்கா, அந்தப் பக்கம் நல்ல ரூம் இருக்கு", "அண்ணே, இந்த வரிசையில நின்னீங்கன்னா பொழுது சாஞ்சிடும்" என்று, பேருந்திலிருந்து இறங்கியது முதல் வெல்லக்கட்டியை மொய்க்கும் ஈக்களைப்போல் கூடவே வந்தவர்கள். பையில் முதலில் கைவைப்பவனுக்கே ஆள் சொந்தம் என்பது அவர்களுடைய தொழில் தர்மம். மனைவி போட்ட கூச்சலில் இரண்டு பைகளின் மீதும் இருந்த கைகள் எல்லாம் ஒருசேர விலகின.

"என்ன ஆச்சு உனக்கு?" என்றார் கணவர். "அந்தப் பக்கம் பஸ் கிளம்பப் போகுது. அதை விட்டா நாளைக்குத்தான்."

"என் தங்கச்சிக்கு நாளன்னைக்கு ஆபரேஷன். இப்பதான் போன் வந்துச்சு."

"ஆபரேஷன் பண்ணப் போறது டாக்டர். நீ போய்க் கத்தி எடுத்துக் குடுக்கப் போறியா?"

"வாசல்ல உட்கார்ந்திருப்பேன். அவ கண்ணு முழிக்கிறப்போ நம்ம மனுஷின்னு ஒருத்தி பக்கத்துல வேண்டாமா? என்னை விட்டா அவளுக்கு யாரு இருக்கா?"

"இத்தனை நாளா தங்கச்சி பேச்சே இல்ல. எல்லைக்கு வந்ததும் பாசம் பொங்குதோ?"

"விளையாட்டு இல்லைங்க. நிஜமாத்தான் சொல்றேன்."

கன்னத்தில் இறங்கிய கண்ணீரை அவள் புறங்கையால் துடைத்துக்கொண்டாள்.

"வாங்கடா போகலாம்" என்றான் புரோக்கர்களில் மூத்தவன். "புருஷன் பொண்டாட்டி சண்டையில நடுவுல நின்னவன் உருப்பட்டதே இல்ல."

கூட்டம் கலைந்து அடுத்த பேருந்தை நோக்கி ஓடியது. தொப்பி அணிந்த ஒருவன் மட்டும் சற்றுத் தள்ளி மின்கம்பத்தில் சாய்ந்து நின்றான்.

"போறதுன்னா போ! எனக்கு வழி தெரியும்" என்று நாலு பேர் காதில் விழும்படி சொல்லிவிட்டு, கணவர் தம் பையைத் தூக்கிக்கொண்டு நடந்தார். திரும்பிப் பார்க்கவில்லை. எவனும் அவரைத் தொடரவும் இல்லை.

சாவடியில் முத்திரை குத்தும் அதிகாரி அவர் முகத்தைக்கூட நிமிர்ந்து பார்க்காமல் பாஸ்போர்ட்டைத் திருப்பிக் கொடுத்தார். மறுபுறம் பேருந்து நின்றுகொண்டிருந்தது. கணவர் ஜன்னலோரமாக உட்கார்ந்து, பக்கத்து இருக்கையில் தம் பையை வைத்து இடம் பிடித்தார்.

வரிசையில் அவருக்குப் பின்னால் நின்ற துணி வியாபாரி எதிர் இருக்கையில் வந்து அமர்ந்தார். சற்று நேரம் பொறுத்துப் பார்த்தார், முடியவில்லை.

"தப்பா நினைக்காதீங்கண்ணே. பார்த்தா நல்ல மனுஷன் மாதிரி இருக்கீங்க. அந்த அக்காவை அப்படி நடுரோட்டுல விட்டுட்டு வரலாமா?"

கணவர் வாய்விட்டுச் சிரித்தார்.

"அட, அது சண்டையே இல்லைங்க! கையைக் கடிக்காம ஊர் சுத்தறவங்க நாங்க. இந்தப் புரோக்கருங்ககிட்ட வேண்டாம் வேண்டாம்னு தொண்டை வத்தக் கத்தினாலும் விடமாட்டாங்க. ஆனா பொண்டாட்டி அழுதா ஒரே ஓட்டம்! நான் கோவிச்சுக்கிட்டு முன்னால வந்துடுவேன். அவ கொஞ்ச நேரம் மூக்கைச் சிந்திட்டு, ஆளுங்க கலைஞ்சதும் பின்னாலயே வந்து பஸ் ஏறிடுவா. எந்த எல்லைக்குப் போனாலும் இந்தக் கூத்துதான்."

"அவங்க நிஜமாவே அழுதாங்களே?"

"அங்கதான் இருக்கு விஷயம்! இன்னைக்கு எங்கம்மாவை வச்சுத்தான் சண்டைன்னு பேசி வச்சிருந்தோம். மாமியார் சண்டைன்னா எந்த நாட்டுக்காரனுக்கும் புரியும் பாருங்க. இவளா திடீர்னு தங்கச்சி ஆபரேஷன்னு மாத்திட்டா. எனக்கே ஒரு நிமிஷம் திக்குன்னு ஆயிடுச்சு. அப்புறம் சமாளிச்சுக்கிட்டேன். அந்த 'நிஜமாத்தான் சொல்றேன்' இருக்கே, அது அவ சொந்தச் சரக்கு! நடிகைங்க தோத்தாங்க."

"குடுத்து வச்சவர்ண்ணே நீங்க" என்றார் வியாபாரி. "எங்க வீட்டுல நடிக்கவே தெரியாது. தினமும் ஒரிஜினல்தான்."

ஓட்டுநர் இன்ஜினை முடுக்கினார். "பக்கத்து சீட்டுக்கு ஆள் வரணும்னா சீக்கிரம் வரச் சொல்லுங்க சார்."

"வந்துக்கிட்டே இருக்கா. ரெண்டு நிமிஷம் பொறுங்க."

கணவர் ஜன்னல் வழியாகத் தலையை நீட்டினார். சாவடியிலிருந்து ஒவ்வொருவராக வந்துகொண்டிருந்தார்கள். அவர்களுக்கு நடுவே, காவலர்களுக்குப் பழகிய முகமாதலால் தடையின்றி நுழைந்து, தொப்பிக்காரன் ஓடிவந்தான். ஒவ்வொரு ஜன்னலாக அண்ணாந்து பார்த்துக்கொண்டே வந்தவன், இவருக்கு நேரே நின்றான்.

"உடும்புப் பிடியா இருக்கியேப்பா! எனக்கு ரூமும் வேண்டாம், வண்டியும் வேண்டாம். ஆளை விடு."

"உங்களை யாரு சார் கூப்பிட்டா?" என்று மூச்சு வாங்கச் சொன்ன அவன், ஒரு சிறிய மாத்திரை டப்பாவை ஜன்னலுக்குள் நீட்டினான். "உங்க பிரஷர் மாத்திரை அக்காவோட பையில இருந்துச்சாம், காலையில ஒண்ணு, ராத்திரி சாப்பிட்டப்புறம் ஒண்ணு போட்டுக்கணுமாம். அவங்களை இப்பதான் ஊருக்குத் திரும்பற பஸ்ல ஏத்திவிட்டுட்டு வரேன்."