பொரிக்காத ஒன்பது முட்டைகள்

எட்டாவது முட்டையும் சிமெண்டுத் தரையில் உடைந்தது. நாற்றம் கிளம்பியது. கூட்டம் ஓரடி பின்வாங்கியதே தவிர, யாரும் போகவில்லை.

"பாத்தீங்களா? குஞ்சுமில்ல, ஒரு மண்ணுமில்ல" என்றான் தியாகு. அவன் விரலில் ஒரு பித்தளை வளையம் சுழன்றது. அதில் நூலால் கட்டிய மூன்று சாவிகள் கிணுகிணுத்தன.

காஜா பெராங் சந்தையில் முட்டைக் கடை இரண்டுதான். தியாகு விற்றது குருபோங் பண்ணையில் கூண்டில் அடைத்து வளர்த்த கோழிகளின் முட்டை. கமலவேணி விற்றது தன் வீட்டு வேலிக்குள் மேயும் கோழிகளின் முட்டை. கிராமத்து வளர்ப்பு என்று காட்ட, 'கம்பத்து முட்டை' என்று பலகை வைத்திருந்தாள். பிள்ளை பெற்றவர்களுக்கு அவளிடம்தான் வாங்குவார்கள். அவளுக்கு வேறு பிழைப்பு இல்லை.

அவள் கூண்டு முட்டையைக் கலந்து விற்கிறாள் என்று சந்தையை மேற்பார்க்கும் மண்டோர் சுப்பையனிடம் சொன்னவன் தியாகு. சோதனையும் அவன் யோசனைதான். சேவலோடு திரியும் கோழியின் முட்டை பொரிக்கும். கூண்டு முட்டை பொரிக்காது. சுப்பையன் அவளிடம் சொல்லாமல் ஒன்பது முட்டை வாங்கித் தன் வீட்டில் அடை வைத்தார். இன்றோடு இருபத்திரண்டு நாள்.

ஒன்பதாவதும் உடைந்தது. வெறும் கூழ்.

"பலகையக் கழட்டு" என்றார் சுப்பையன். "இனிமே சந்தைக்குள்ள கால் வைக்காத. எம் மக பிள்ள பெத்துக் கெடக்கா. அவளுக்கு என்னத்தக் குடுத்த நீ?"

"கம்பத்து முட்டைதாங்க மண்டோர். எல்லாம் வெளிய மேயுற கோழிங்க. சேவல்தான் இல்ல."

தியாகு சிரித்தான். "சேவல் இல்லாத கம்பமா? நல்லா கத விடுற."

"ஒண்ணு இருந்திச்சு. மெர்டேக்கா சுதந்திர நாளன்னிக்கு எல்லாரும் பாடாங் திடலுக்குப் போயிருந்தப்ப காணாமப் போச்சு. முட்டைக்குச் சேவல் எதுக்குன்னு வேற வாங்கல."

"ஓடிப் போயிருக்கும்" என்றான் தியாகு.

"அது வேலி தாண்டுற சேவல்தான். அதனால அடையாளத்துக்கு, குஞ்சா இருக்கும்போதே கால்ல ஒரு வளையம் மாட்டினேன். பித்தளை. கால் பெருத்துப் போச்சு. அப்புறம் கழட்ட முடியல. கால வெட்டினாத்தான் வரும்."

கிணுகிணுப்பு நின்றது. தியாகுவின் கை காற்சட்டைப் பைக்குள் போனது.

கமலவேணி பலகையைக் கழற்றவில்லை. பக்கத்து இறைச்சிக் கடைக்காரர் கத்தியைக் கீழே வைத்துவிட்டுத் திரும்பிப் பார்த்தார்.

"கைய வெளிய எடுங்கண்ணே" என்றாள் கமலவேணி.