அவளே அசெம்பிள் செய்த கம்ப்யூட்டர்

"பெரிய கம்பெனி கம்ப்யூட்டர் விக்கிற ஷோரூம்ல நான் மேனேஜர். என் வீட்டுலயே உதிரி பாகமா வாங்கிப் பரப்பி வெச்சிருக்க. ஊர் சிரிக்காதா?" என்றான் கணவன்.

"சிரிச்சா சிரிக்கட்டும். எனக்கு வேண்டியதை நானே பொறுக்கி எடுத்து மாட்டிக்குவேன்," என்றாள் மனைவி.

வீடியோ எடிட்டிங்கில் அவளுக்குத் தனியாகக் கிடைத்த முதல் பெரிய வேலை. திங்கட்கிழமை கொடுத்தே ஆகவேண்டும். சாப்பாட்டு மேஜையையே பட்டறையாக்கி, எல்லாவற்றையும் மாட்டி முடித்துவிட்டாள். சும்மா சொல்லக் கூடாது, கெட்டிக்காரிதான்.

ஆனால் பட்டனை அழுத்தினால் கொஞ்ச நேரம் ஓடும், சூடேறி அணைந்துவிடும். ஞாயிறு மத்தியானம் வரை இதே கூத்து. கழற்றினாள், மாட்டினாள், ஒயரையெல்லாம் பிடுங்கிச் செருகினாள். ம்ஹூம்.

கணவன் சோபாவில் சாய்ந்து பேப்பர் படித்துக்கொண்டே, ஒவ்வொரு தடவை அணையும்போதும் ஒரு 'அடடா' போட்டான். வயிற்றெரிச்சல் பிடித்த மனுஷன் என்று பொருமினாள் அவள்.

"போய்க் குளிச்சிட்டு வா. சாயங்காலம் எங்க கடையிலேர்ந்தே ஒண்ணு எடுத்துட்டு வரேன்," என்றான் கடைசியில்.

தோற்றுப்போனது போல இருந்தது. ஷவருக்கு அடியில் நின்று ஒரு பாட்டம் அழுது தீர்த்தாள்.

ஈரத் தலையோடு வந்தவள், மனசு கேட்காமல் இன்னொரு தடவை பட்டனை அழுத்தினாள். ஓடியது. ஓடிக்கொண்டே இருந்தது.

"பாத்தீங்களா?" என்றாள் மூச்சு வாங்க.

அவன் பேப்பரிலிருந்து தலையைத் தூக்கவில்லை. "ஏதோ குருட்டு அதிர்ஷ்டம்."

ஒரு வார்த்தை பாராட்டினால் வாயிலிருந்து முத்தா உதிர்ந்துவிடும்!

மறுநாள் வேலையைக் கொடுத்து, சபாஷும் வாங்கிக்கொண்டு வந்தாள். துணி துவைக்கப் போடுமுன் அவன் சட்டைப் பையைத் துழாவினால், பசை அப்பிய ஒரு பிளாஸ்டிக் தாள். 'மாட்டும் முன் உரிக்கவும்' என்று அதில் அச்சடித்திருந்தது. சிப்பைக் குளிரவைக்கும் ஃபேனின் அடியில் அவள் உரிக்க மறந்த தாள். கூடவே, சிப்புக்கும் ஃபேனுக்கும் நடுவில் தடவ அவன் கடை சர்வீஸ் பிரிவில் வைத்திருக்கும் பசை டியூப் ஒன்று, பாதி பிதுக்கியது.

அவளுக்குக் கண் கலங்கிவிட்டது.

கூடத்தில் அவன் யாரிடமோ போனில் பேசிக்கொண்டிருந்தான்.

"ஆமாய்யா, என் பொண்டாட்டியேதான். நம்ம சர்வீஸ் பசங்களே அந்த ஃபேனை மாட்டத் தடுமாறுவானுங்க. இவ அத்தனையும் தனியாளா மாட்டிட்டா. வேற ஒருத்தர் கை படல!"