ராஜாவின் மேலுதடு

மேலுதட்டில் துடைத்த ஸ்பிரிட் காய வேண்டும்.

அதுவரை பேசக் கூடாது, சிரிக்கக் கூடாது. சிரிக்காமல் இருப்பதுதான் பெரும்பாடாக இருந்தது.

அவள் கைக்கண்ணாடியில் மேலுதட்டைப் பார்த்தாள்.

ஸ்பிரிட் காய்ந்துவிட்டது. எண்ணெய் வந்துவிட்டது.

அடப் பாவி முகமே, இன்றைக்கு ஒரு நாளாவது!

திரைக்கு அந்தப் பக்கம் மொத்த ஆஸ்பத்திரியும் நாற்காலிகளை இழுத்துப் போட்டுக்கொண்டிருந்தது. நர்ஸுகள் தினம். திருநெல்வேலியின் கத்திரி வெயில். மேடையில் ஒரே ஒரு மின்விசிறி, அதுவும் சுற்றவில்லை.

வருடா வருடம் இந்த நாடகத்தில் ராஜா வேஷம் பார்மசி தளவாய் சாருக்குத்தான். நர்ஸுகளின் விழா, நர்ஸுகளின் நாடகம், ராஜா மட்டும் பார்மசியிலிருந்து வருவார். ஏனென்று கேட்டால், அவருக்குச் சொந்த மீசை என்பார்கள்.

இந்த வருடம் அவள் விடவில்லை. சூப்பிரண்டு அம்மாவின் அறையில் போய் நின்றாள். ராஜாவின் வசனத்தை முழுக்கச் சொல்லிக் காட்டினாள். சூப்பிரண்டு அம்மா அவளுடைய முகத்தை ஏற இறங்கப் பார்த்தார். மீசை நின்றால் ராஜா நீ, விழுந்தால் அடுத்த வருடம் பழையபடி தளவாய்தான் என்று சொல்லிவிட்டார்.

மீசை நிற்க வேண்டும். அவ்வளவுதான்.

அது என்ன பிரமாதம் என்றுதான் அவளும் நினைத்தாள். எத்தனை பேஷண்டுகளுக்கு மூக்கில் சாப்பாட்டு டியூபை வைத்துப் பிளாஸ்திரி போட்டவள்! எண்ணெய் வழிகிற மூக்கோ, வியர்க்கிற மூக்கோ, அவள் ஒட்டியது கழன்றதாகப் பேச்சே கிடையாது. படிக்க வரும் பிள்ளைகளிடமும் அதைத்தான் சொல்வாள். தேய்க்காதே, ஒத்தி எடு. ஒரு தடவை போதும். தேய்க்கத் தேய்க்கத் தோல் கோபித்துக்கொண்டு இன்னும் சுரக்கும்.

சொன்னவளே இன்றைக்குக் கேட்கவில்லை.

எழுந்ததும் பாசிப்பயறு மாவு. பஸ் ஏறும் முன் இன்னொரு முறை. டூட்டி ரூமில் சோப்பு. பிறகு ஐஸ்கட்டி. மறுபடி சோப்பு. சந்தோஷம் தாங்காமல் கழுவிக்கொண்டே இருந்தாள். இப்போது முகம் தன் வேலையைக் காட்டியது.

பஞ்சால் மேலுதட்டை ஒத்தினாள். பசையைத் தடவி மீசையை வைத்து அழுத்தினாள்.

நின்றது!

செல்லக்கனி அவளுக்குத் தலைப்பாகையைச் சரிசெய்தாள். ஒரே வார்டில் வேலை பார்ப்பவள், இன்றைக்கு மந்திரி. காதோடு சொன்னாள்.

"ஏட்டி, மீசையில மட்டும் கைய வச்சிராத. ஒனக்குக் கோடிப் புண்ணியம்."

திரை விலகியது.

விசில்.

அவள் நடந்தாள். அப்படி ஒரு நடை தன் காலில் இருப்பது அவளுக்கே தெரியாது. சிம்மாசனத்தில் உட்கார்ந்தாள். கால்மேல் கால் போட்டாள். பின்வரிசையில் லேப் பெண்கள் நாற்காலியில் ஏறி நின்று கத்தினார்கள்.

"யாரங்கே!"

அரங்கம் அதிர்ந்தது. ஐயோ, என்ன சுகம்! இந்தச் சுகத்தையா இத்தனை வருடம் தளவாய் சார் ஒருத்தரே அனுபவித்தார்?

கை தானாக மேலே போனது. செல்லக்கனி கண்ணாலேயே கெஞ்சினாள். யார் பார்த்தது? மீசையை ஒரு முறுக்கு முறுக்கினாள்.

வலப்பக்கம் கையோடு வந்துவிட்டது.

இடப்பக்கத்தில் மட்டும் ஒட்டிக்கொண்டு மீசை தொங்கியது.

எங்கோ ஒரு சிரிப்பு. அப்புறம் நாலாபக்கமும் சிரிப்பு. சூப்பிரண்டு அம்மா தலையைக் குனிந்துகொண்டார். முன்வரிசையில் தளவாய் சார் சட்டைக் காலரை இழுத்துவிட்டுக்கொண்டு நிமிர்ந்து உட்கார்ந்தார்.

போச்சு. எல்லாம் போச்சு.

அழுத்திப் பார்த்தாள். வழுக்கியது. மறுபடி அழுத்தினாள். வாய்க்கே இறங்கியது.

அவளுக்குச் சுள்ளென்று கோபம் வந்தது. வயதுக்கு வந்த நாளிலிருந்து முகத்தின் மேலேயே வந்துகொண்டிருந்த கோபம், முதல் தடவையாக மீசையின் மேல் வந்தது.

மிச்சத்தையும் பிடித்து ஒரே இழுப்பு.

கண்ணில் நீர் வந்துவிட்டது. எழுந்து போய் அதைச் செல்லக்கனியின் உள்ளங்கையில் வைத்தாள்.

"மந்திரியாரே, இதை உள்ளே வையும். வழக்கு என்ன?"

நாடகத்தில் இல்லாத வசனம். செல்லக்கனி ஒரு கணம் விழித்தாள். பிறகு தலை வணங்கி, அதை இடுப்பில் செருகிக்கொண்டாள்.

சிரிப்பு நின்றது.

மேடை விளக்கில் அவள் நெற்றி மின்னியது. மூக்கு மின்னியது. மேலுதடு மின்னியது. அவள் துடைக்கவில்லை.

இனிப் பேச வேண்டியது குற்றவாளி. பிரசவ வார்டு பேச்சித்தாய். மகாராஜா என்று கதறிக் காலில் விழ வேண்டும். அவளுக்கு இருப்பதே அந்த ஒரு வார்த்தைதான்.

பேச்சித்தாய் மீசையில்லாத அந்த முகத்தைப் பார்த்தாள்.

அரங்கம் பேச்சித்தாயின் வாயைப் பார்த்தது.

ராஜா மனசுக்குள் கெஞ்சினாள். சொல்லு தாயீ. இல்லை, சிரித்துத் தொலை. எதையாவது சீக்கிரம் செய்.

பேச்சித்தாயின் முழங்கால் மடங்கியது.

"மகாராஜா!"

குரல் நடுங்கியது. ஒத்திகையில் ஒரு நாளும் அப்படி நடுங்கியதில்லை.

யாரும் சிரிக்கவில்லை.

ராஜா மெல்லப் போய்ச் சிம்மாசனத்தில் சாய்ந்தாள். தீர்ப்புச் சொல்ல அவளுக்கு அவசரமே இல்லை.